மனு கொடுத்தால் மணல்தொட்டி: ஆம்ஸ்டர்டாமின் 700 விளையாட்டிடங்கள்

விளையாட்டு வசதிக்கு நகராட்சிகள் திட்டம் போடும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மக்கள்தொகையை எடு, தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று பெருக்கு, வரைபடத்தில் பச்சை அடி. ஆம்ஸ்டர்டாம் இந்த வேலையில் கைதேர்ந்த ஊர். ஆனால் அதே ஊரின் அதே அலுவலகம் 1947ல் இதற்கு நேர்மாறான ஒரு வேலையையும் ஆரம்பித்தது. மூலையில் கிடந்த துண்டு நிலத்தில் ஒரு மணல்தொட்டி, நாலு கம்பி, சில பெஞ்சுகள். அவ்வளவுதான். 1978 வரை 31 ஆண்டுகளில் இப்படி 700க்கு மேற்பட்ட இடங்கள் உருவாயின. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு வருகிறது. எல்லாவற்றையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், ஆல்டோ வான் ஐக் என்ற டச்சுக் கட்டடக்கலைஞர்.

கட்டடக்கலைப் படிப்பில் இதை வான் ஐக்கின் சாதனையாகவே சொல்லித் தருகிறார்கள். சாதனைதான், மறுப்பில்லை. ஆனால் எனக்கு இதில் பிடித்தது வேறு பக்கம். ஒரு நகராட்சி அலுவலகம் முப்பது வருடம் சலிக்காமல் ஒரு சின்ன வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தது எப்படி? அப்படிச் செய்து வைத்ததில் பெரும்பகுதி பிறகு காணாமல் போனது எப்படி? இந்த ஆய்வு அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

பெரிய திட்டமும் அதன் ஓட்டையும்

ஆம்ஸ்டர்டாமின் பொது விரிவாக்கத் திட்டம் 1934ல் தயாராகி, 1935ல் மாமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. வடிவமைப்பாளர் கோர்னெலிஸ் வான் எஸ்டெரன். புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பு தியோ வான் லோஹாய்சன். வாழ்வது, உழைப்பது, ஓய்வெடுப்பது, போய்வருவது என்று நகரத்தை நான்கு செயல்களாகப் பிரித்துப் பார்த்த அன்றைய நவீன நகரமைப்புச் சிந்தனையில் வான் எஸ்டெரன் முன்வரிசைக்காரர். அந்தச் சிந்தனைக்காரர்களின் சர்வதேச அமைப்புக்கு 1930 முதல் 1947 வரை அவர்தான் தலைவர். ஆகவே ஓய்வும் விளையாட்டும் இந்தத் திட்டத்தில் போனால் போகிறதென்று ஒட்டவைத்தவை அல்ல. ஊரின் மேற்கே புதிய குடியிருப்புகள், நடுவே பசுமைப் பட்டைகள், தெற்கே ஏறத்தாழ 1,000 ஹெக்டேரில் ஒரு செயற்கைக் காடு. 1930களின் வேலையில்லாத் திண்டாட்ட காலத்தில் வேலையற்றவர்களைக் கொண்டே அந்தக் காட்டை வெட்டிச் சமைத்தார்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் ஊர் அங்கேதான் இருக்கும்.

2000ஆம் ஆண்டில் ஊரின் மக்கள்தொகை 9,60,000 ஆக இருக்கும் என்பது அந்தத் திட்டத்தின் கணிப்பு. நிஜத்தில் அந்த ஆண்டு இருந்தவர்கள் சுமார் 7,30,000 பேர். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. 65 வருடத்துக்கு முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. சிக்கல் வேறு இடத்தில். தொலைவிலுள்ள காட்டையும் வருங்காலத்துக் குடியிருப்பையும் பார்த்துப் போட்ட திட்டத்துக்கு, பழைய தெருவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நாலு வயதுப் பிள்ளை கண்ணில் படவில்லை. அந்தப் பிள்ளை காட்டுக்குத் தனியாகப் போகாது. வாசலிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில்தான் அதன் உலகம்.

போர் முடிந்தபோது அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய. 1946ல் மட்டும் நெதர்லாந்தில் சுமார் 2,84,000 குழந்தைகள் பிறந்தன. விளையாட்டிடங்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலானவை தனிச் சங்கங்கள் நடத்தியவை. சந்தா கட்டிய வீட்டுப் பிள்ளைக்குத்தான் உள்ளே இடம். மற்றவர்களுக்குத் தெருதான்.

ஒரு சதுக்கம், ஒரு மனு

நகராட்சிப் பொதுப்பணித் துறையின் நகரமைப்புப் பிரிவில் வான் எஸ்டெரனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் யாகோபா முல்டர். அந்த 1,000 ஹெக்டேர் காட்டின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு இவருடையது. பின்னாளில் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தவர். தன் வீட்டருகே ஒரு சிறுமி மரத்தடி மண்ணைக் கையால் தோண்டி மண்பலகாரம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தாராம். அதிலிருந்துதான் மணல்தொட்டி யோசனை வந்தது என்று கதை. கதை எவ்வளவு துல்லியம் என்பது இருக்கட்டும், யோசனை முல்டருடையதுதான்: ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொந்தமாக, சந்தாவும் பூட்டும் இல்லாத ஒரு சின்ன விளையாட்டிடம். காட்டைத் திட்டமிட்ட அதே கைதான் மணல்தொட்டியையும் கேட்டது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. பெரிய திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் சின்னதை இளநிலைப் பணியாளர் தலையில் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

தலையில் கட்டப்பட்ட இளநிலைப் பணியாளர் வான் ஐக். சூரிச்சில் கட்டடக்கலை படித்தவர், 1946ல் வேலைக்குச் சேர்ந்தவர், அப்போது முப்பதுகூட ஆகவில்லை. 1947ல் பெர்டெல்மான்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் முதல் விளையாட்டிடம். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

மணல்தொட்டிக்கு அகலமான கான்கிரீட் விளிம்பு. தொட்டிக்குள் நாலு உருண்டைக் கற்கள். சற்றுத் தள்ளி, குட்டிக்கரணம் போடக் கம்பிகள். ஓரத்தில் மரங்களும் பெஞ்சுகளும். தொட்டி சதுக்கத்தின் நடுவில் இல்லை, ஒரு மூலைக்கு ஒதுங்கியிருக்கிறது. இது கவனக்குறைவில்லை. நடுவில் வைத்தால் அது சிலை மாதிரி ஆகிவிடும், மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியமாகும். தள்ளி வைத்தால் நடுவே ஓடியாட வெற்றிடம் கிடைக்கும். அந்த விளிம்பு இன்னும் சுவாரசியம். அகலம் இருப்பதால் பிள்ளைக்கு அது மேசை, தட்டிய மண்பலகாரத்தை அதன்மேல் கவிழ்க்கலாம். தாய்க்கு அது இருக்கை. கொஞ்சம் பெரிய பையனுக்கு அது ஓடுபாதை. ஒரே கான்கிரீட் வளையத்துக்குள் மூன்று வகை வயதினருக்கும் வேலை இருக்கிறது, கூடுதல் செலவும் இல்லை. சிமென்டுக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

சதுக்கத்தைப் பார்த்த பக்கத்துப் பகுதிக்காரர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினார்கள். இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. வந்த கடிதத்தைக் கோப்பில் போட்டு, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் எழுதுவதுதான் எந்த அலுவலகத்துக்கும் சுலபம். ஆம்ஸ்டர்டாம் பொதுப்பணித் துறை அப்படிச் செய்யவில்லை. கடிதத்தையே திட்டத்தின் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. எங்கள் தெருமுனையில் இப்படி ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது என்று குடியிருப்பவர்களே இடத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அதிகாரி போய்ப் பார்ப்பார். வான் ஐக் அந்த இடத்துக்கென்று ஒரு வரைபடம் போடுவார். துறையின் ஆட்களே தோண்டிப் பதித்து முடிப்பார்கள்.

நிலம், வடிவமைப்பு, கட்டுமானம் மூன்றும் ஒரே துறையின் கையில் இருந்தது இதற்குப் பெரிய வசதி. ஒப்பந்தப்புள்ளி, ஆலோசகர், மறு ஆலோசகர் என்று கோப்பு ஊர்வலம் போகத் தேவையில்லை. 1951ல் வான் ஐக் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். அப்புறமும் விளையாட்டிட வேலையை மட்டும் நகராட்சி அவரிடமே கொடுத்துவந்தது. அலுவலகமும் வடிவமைப்பாளரும் இவ்வளவு காலம் பிரியாமல் இருந்த இன்னொரு உதாரணம் எனக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை.

நிலம் எங்கிருந்து வந்தது

இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பாதி துயரமானது. நாஜி ஆக்கிரமிப்பில் ஆம்ஸ்டர்டாமின் யூத மக்கள் பெரும்பாலோர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊரின் மையத்தில் அவர்கள் வாழ்ந்த வீடுகள் காலியாகக் கிடந்தன. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அடுப்பெரிக்க எதுவும் இல்லாத மக்கள் அந்த வீடுகளின் உத்தரம், தரைப்பலகை, படிக்கட்டு என்று மரமெல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மரம் போனபின் சுவர்கள் சரிந்தன. போர் முடிந்தபோது, வரிசையாகப் பல் விழுந்த வாய் மாதிரி, வீட்டு வரிசைகளுக்கு நடுவே காலிமனைகள்.

நியூவ்மார்க்ட் பகுதியிலுள்ள டைக்ஸ்ட்ராட் அப்படி ஒரு தெரு. 1954ல் அங்கே செய்த வேலையின் முன், பின் புகைப்படங்கள் பல ஊர்களின் கண்காட்சிகளில் சுற்றியிருக்கின்றன. முதல் படத்தில் இரண்டு வீடுகளின் மொட்டைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு மனை, குப்பையும் செங்கல் துண்டுமாக. இரண்டாவது படத்தில் அதே சுவர்கள், அதே ஒடுக்கம், ஆனால் தரையில் கல் பாவி, மணல்தொட்டியும் கம்பியும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் நிற்கிறார்கள். சுவரை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. ஸேடைக் தெருவில் 1950களின் நடுவில் அமைத்த இடத்தில் பக்கச் சுவர்களையே எடுத்துக்கொண்டு, யோஸ்ட் வான் ரோயன் என்ற ஓவியர் அவற்றில் வண்ணம் தீட்டினார்.

மற்ற பாதி சாதாரண நிலம். பிரியும் சாலைகளுக்கு இடையே முக்கோணத் துண்டு, அகலமான நடைபாதையின் ஓரம், பயன்படாத சதுக்கம், புதிய குடியிருப்பில் கட்டடங்களுக்கு நடுவே விடப்பட்ட புல்வெளி. ஸ்லோட்டர்மேர் போன்ற மேற்குப் புறநகர்களில், பெரிய திட்டம் வரைபடத்தில் பச்சையாக அடித்துவிட்டுப் போன இடத்துக்கு உள்ளடக்கம் கொடுத்ததே இந்தச் சின்ன வேலைதான்.

பல மனைகளில், என்றாவது வீடு கட்டுவார்கள் என்று தெரிந்தேதான் விளையாட்டிடம் அமைத்தார்கள். அதுவரைக்கும் சும்மா கிடப்பானேன் என்ற எண்ணம். திட்டமிடுகிறவர் வாயில் தற்காலிகம் என்ற சொல் வழக்கமாகச் சாக்குப்போக்காகத்தான் வரும். இங்கே அது சாவியாக இருந்தது. நிரந்தரமாகக் கேட்டிருந்தால் வீட்டுவசதிக்காரர்களோடு ஒவ்வொரு மனைக்கும் மல்லுக்கட்டியிருக்க வேண்டும், அது எந்தக் காலத்திலும் முடிந்திருக்காது. பத்து வருடத்துக்குக் கொடு என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பத்து வருடம் ஒரு பிள்ளைக்கு முழுக் குழந்தைப் பருவம். இந்தச் சலுகைக்கான விலை பின்னால் வந்தது.

பத்துப் பதினைந்து உருப்படிகள்

ஒவ்வொரு இடமும் தனி வரைபடம். ஆனால் வைக்கிற சாமான்கள் எல்லாம் ஒரு சிறிய பட்டியலிலிருந்து வந்தவை. வட்டம், சதுரம், முக்கோணம் என்று சில வடிவங்களில் மணல்தொட்டி. இடுப்புயரக் கரணக் கம்பி: வயிற்றைப் பதித்துத் தலைகீழாகச் சுழலலாம், சும்மா சாய்ந்தும் நிற்கலாம். கான்கிரீட் உருளைகளான தாண்டுகற்கள். வளைவு ஏணி. அரைக்கோளமாய் வளைத்த கம்பிக்கூடு. அந்தக் கூட்டின் மேல் ஏறலாம், உச்சியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம், பழைய கம்பளத்தைப் போர்த்தினால் குடிசை.

கவனியுங்கள், இதில் யானையோ டிராகனோ இல்லை. வான் ஐக்குக்கு அந்த மாதிரி பொம்மைச் சாமான்கள் பிடிக்காது. அலுமினிய யானை நிஜமில்லை, யானை என்றால் நடக்க வேண்டும், தெருவில் ஒரு பொருளாக அது ஒட்டாது என்பது அவர் வாதம். தெருவிளக்கும் பெஞ்சும் தெருவுக்குச் சொந்தமாக இருப்பதுபோல் கம்பியும் கல்லும் சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். யானை யானையாகத்தான் இருக்கும்; வெறும் வளைவு இன்றைக்குக் கப்பல், நாளைக்குச் சிறைச்சாலை. கொள்முதல் செய்யும் அதிகாரியின் கோணத்திலும் இது கெட்டிக்காரத்தனம். உருப்படிகள் குறைவு, எல்லாம் ஒரே தரம், ஒன்று உடைந்தால் அதே அளவில் இன்னொன்று கிடங்கிலிருந்து வரும். புதுமையெல்லாம் சேர்க்கையில்தான்: எதை எதற்குப் பக்கத்தில், எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் என்பதில்.

வேலியும் கிடையாது. விளையாட்டிடம் எங்கே முடிகிறது, தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாத மாதிரி இருக்கும். 1956ல் டுப்ரோவ்னிக்கில் கூடிய நகரமைப்பாளர் மாநாட்டில் வான் ஐக் இந்த விளையாட்டிடங்களை முன்வைத்தார். கடும் பனி விழுந்த நாளில் ஊர் திடீரென்று பிள்ளைகள் கைக்கு வந்துவிடுகிறது, அவர்களுக்குப் பனியைவிட நிலையான ஒன்றை நாம் கொடுக்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். தாண்டுகற்களை அவர் பெரும்பாலும் சம இடைவெளியில், சீராக அடுக்கினார். படத்தில் பார்க்க அழகு. க்ரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட ஒரு சோதனையில், தாண்டுகற்களைப் பிள்ளைகளிடமே கொடுத்து அடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் அடுக்கியதில் இடைவெளிகள் ஒன்றுபோல் இல்லை. எட்டுமா எட்டாதா என்ற சந்தேகம் இருந்தால்தானே தாண்டுவதில் ருசி. எல்லா இடைவெளியும் ஒன்றென்றால் முதல் தாண்டலோடு ஆட்டம் முடிந்தது. கலைஞரின் கண்ணும் பிள்ளையின் காலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

எப்படிப் போயின

1978க்குப் பிறகு எண்ணிக்கை சரிந்தது. இன்று அசல் அமைப்போடு மிஞ்சியிருப்பவை சொற்பம். ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது, நாலைந்து சேர்ந்து வந்தன.

முதலில் கார். 1947ல் தெருவில் கார் அபூர்வம், வேலி இல்லாதது வரம். 1971ல் நெதர்லாந்தில் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பியது. அந்த நிலையில் தெருவோடு கலந்த மணல்தொட்டி என்ற யோசனை பெற்றோருக்குக் கிலியைத்தான் தரும். கூடவே, சும்மா கிடக்கும் துண்டு நிலம் என்று ஒன்று இனி இல்லாமல் போனது. அதெல்லாம் வண்டி நிறுத்துமிடம் ஆனது. காலிமனைகளில், முன்பே தெரிந்தபடி, கட்டடம் எழுந்தது.

அடுத்தது மணல். மணல்தொட்டி வைப்பது ஒருநாள் வேலை, வைத்திருப்பது வாராவார வேலை. பூனையும் நாயும் அசுத்தம் செய்யும், கண்ணாடிச் சில்லு விழும், மணல் தெருவெங்கும் இறையும், குறைந்ததை நிரப்ப வேண்டும். சிக்கனம் பேசும் காலத்தில் முதலில் வெட்டுவது இந்த மாதிரி செலவைத்தான். திறப்பு விழாவுக்கு ஆள் கிடைக்கும், மணல் சலிக்க யார் வருவார்?

மூன்றாவது பாதுகாப்பு விதி. நெதர்லாந்தில் விளையாட்டுச் சாதனங்களுக்கான சட்ட ஆணை 1997ல் வந்தது. ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈஎன் 1176 அடுத்த ஆண்டு வெளியானது. அதன்படி 600 மில்லிமீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழ வாய்ப்பிருந்தால் கீழே அதிர்வைத் தாங்கும் தரை வேண்டும். பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டக்கூடிய இடுக்கு இருக்கக் கூடாது. வான் ஐக்கின் கம்பிகள் நின்றதோ பாவிய கல்லின் மேல். விதியைக் குறை சொல்ல மாட்டேன், மண்டை உடைந்த பிள்ளையின் தாயிடம் அழகியல் பேச முடியாது. ஆனால் பழைய கம்பியின் கீழ் தரையை மாற்றுவதைவிட, மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, சான்றிதழோடு வரும் வண்ணப் பிளாஸ்டிக் சாமானை அட்டவணை பார்த்து வாங்குவது கோப்புக்குச் சுலபம். பல இடங்களில் நடந்தது அதுதான்.

நான்காவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1981 முதல் ஆம்ஸ்டர்டாம் நிர்வாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டார மன்றங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. மக்களுக்கு அருகில் அதிகாரம் வருவது நல்லதுதான், கடிதம் எழுதினால் வேலை நடக்கும் ஊருக்கு இன்னும் பொருத்தம் என்றுகூடத் தோன்றும். ஆனால் 700 இடங்களும் ஒரே வலை, ஒரே சாமான் கிடங்கு, ஒரே வடிவமைப்பு மேசை என்ற நிலையும் அதோடு கலைந்தது என்பது என் கணிப்பு. வட்டாரப் பொறியாளரின் மேசையில் இருப்பது ஒரு பழைய மணல்தொட்டி, அதற்கு மூன்று புகார். அது 700ல் ஒன்று என்பது அந்தக் கோப்பில் இருக்காது.

நான் இந்த வேலையை இன்று செய்வதாக இருந்தால், ஒவ்வொரு இடத்துக்கும் வரைபடத்தோடு ஒரு தாள் இணைப்பேன்: யார் கேட்டது, நிலம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு, மணல் நிரப்பும் பொறுப்பு யாருக்கு, இந்த இடம் போனால் பக்கத்தில் எந்த இடம். ஆம்ஸ்டர்டாமின் ஏற்பாட்டில் முதல் கேள்விக்கு அருமையான விடை இருந்தது. மணல் பற்றிய கேள்வி ஆள் இருந்தவரை ஓடியது. கடைசிக் கேள்வியில் அடி விழுந்தது. ஒரு மனை பறிபோனால் அந்த வட்டாரத்துக்கு இன்னொன்று கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால், தற்காலிகம் என்ற ஏற்பாடே எத்தனை முறை வேண்டுமானாலும் இடம் மாறி உயிரோடு இருந்திருக்கும். நிலத்துண்டைக் காப்பாற்ற வேண்டியதில்லை, எண்ணிக்கையைக் காப்பாற்றியிருக்கலாம்.

2002ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகம் இந்த விளையாட்டிடங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. 2013ல் நாட்டின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியம் பத்தாண்டுச் சீரமைப்புக்குப் பின் திறந்தபோது, வெளித்தோட்டத்தில் வான் ஐக்கின் கம்பிக்கூடு உட்படச் சில சாமான்களை நிறுவினார்கள். உள்ளே ரெம்பிராண்ட் ஓவியத்துக்கு முன்னால் எட்ட நில் என்று காவலர் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே கம்பிக்கூட்டின் உச்சியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் இறங்கச் சொல்வதில்லை.